கண்ணைச் சுருக்காமல் படிக்கவும்

எங்கள் குடியிருப்பில் எனக்கு 'வீட்டில் இருக்கிற அக்கா' என்று பெயர். ஐயப்பன்தாங்கலில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் மிச்சம் இருப்பது காவலாளி, ஓய்வு பெற்ற சில பெரியவர்கள், அப்புறம் நான். மற்றவர்கள் எல்லாம் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். யார் வீட்டுக்கு கூரியர் வந்தாலும் அடிப்பது என் வீட்டு மணிதான். "நீங்க சும்மாதானே இருக்கீங்க, வாங்கி வச்சிருங்க" என்று போனில் சொல்வார்கள். சும்மா இருக்கிற நான் அந்த நேரத்தில், தண்ணீர்த் தொட்டியைப் பற்றி உலகத்தில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்வதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன்.

விளம்பர வாசகம் எழுதுவது என் தொழில். எந்தக் கம்பெனியிலும் வேலையில் இல்லை. கூப்பிடுகிறவர்களுக்கு எழுதுவேன். தண்ணீர்த் தொட்டி, பெயின்ட், ஊறுகாய், பல் மருத்துவமனை, ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிற தள்ளுபடி வரை எல்லாம் எழுதியிருக்கிறேன். இது போக ஒரு வார இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன், புனைபெயரில். அந்தப் பெயர் என் கணவருக்கே அடிக்கடி மறந்துபோகும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து எங்களோடு சென்னைக்கு வந்த அண்டா, குண்டாவுக்கெல்லாம் பெயர் வெட்டியிருக்கிறது. நான் எழுதிய எதிலும் என் பெயர் இல்லை. சாம்பாரில் யாரும் சமையல்காரரின் பெயரை எழுதுவதில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் சாப்பிட்டவர்களின் முகத்தைச் சமையல்காரர் எட்டியாவது பார்க்கலாம். எனக்கு அதுவும் கிடையாது. யாரோ எங்கோ சிரித்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் புலம்பலாகச் சொல்லவில்லை. எனக்கு என் தொழில்மேல் கர்வம் உண்டு. அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்று என் கணவர் சொல்வார். அந்தக் கர்வத்துக்குக் காரணமான ஒரு வேலையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கரையான்சாவடியில் மெயின்ரோட்டை ஒட்டி ஒரு சின்னக் கண்ணாடிக் கடை. கணவன், மனைவி இருவர்தான். அவர் கண் சோதித்து லென்ஸ் பொருத்துவார். அந்த அம்மா ஃபிரேம் எடுத்துக் காட்டி, முகத்துக்குப் பொருந்துகிறதா என்று தயவுதாட்சண்யமில்லாமல் சொல்வார். சுவரில் வேதவசனக் காலண்டர். கடைக்காரர் ஆண்களை எல்லாம் பிரதர் என்பார், பெண்களை சிஸ்டர் என்பார். பேச்சு மட்டும் சுத்த மெட்ராஸ். என் கணவர் வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடிமேல் உட்கார்ந்துவிடுகிறவர் என்பதால் எங்களுக்கு அந்தக் கடை நல்ல பழக்கம்.

ஒவ்வொரு முறையும் கடைக்காரர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்களும் ஒருவாட்டி கண்ண காட்டிட்டுப் போங்களேன்" என்பார்.

"எங்க வம்சத்துலயே யாரும் கண்ணாடி போட்டதில்லண்ணே. எங்கம்மா இந்த வயசுலயும் ஊசியில நூல் கோப்பாங்க" என்பேன் நான்.

அது உண்மை. பஸ் நம்பர் மட்டும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐயப்பன்தாங்கல் நிறுத்தத்தில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவேன். இப்போது வைக்கிற மின்சாரப் பலகைகளில் எழுத்து எரிகிற லட்சணம் அப்படி என்று நினைத்திருந்தேன்.

பிறகு மெட்ரோ வேலை வந்தது. ரோட்டோரம் நெடுக ஆள் உயரத்துக்கும் மேலே தகரம் அடித்தார்கள். தகரத்துக்கும் கடைகளுக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராக நடக்கிற அளவுக்கு வழி. அந்த வழிக்குள் நுழைவதற்கு மருந்துக்கடை ஓரமாக ஒரு சந்து. தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிகிற சந்து அது. ரோட்டில் போகிறவர்களைப் பொறுத்தவரை அங்கே கடைகளே இல்லை. மருந்துக்கடைக்காவது வியாதிக்காரர்கள் தேடி வந்தார்கள். கண்ணாடி அப்படி இல்லை. மங்கலாகத் தெரிந்தால் மனிதர்கள் மங்கலாகவே வாழப் பழகிக்கொள்வார்கள்.

ஒருநாள் கணவரின் ஃபிரேமை மாற்றப் போனபோது கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, விற்காத ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன் சிஸ்டர். அதுக்கு மேல முடியாது. பில்டிங்காரருக்கு சாவியக் குடுத்துட்டு, சிட்டில எதுனா ஷோரூம்ல வேலைக்கு நிக்க வேண்டியதுதான்" என்றார். அந்த அம்மா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து நின்ற கடை.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் ஒரு பேனர் எழுதித் தாரேன்ணே. பாருங்க, கூட்டம் எப்படி வருதுன்னு" என்று சொல்லிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

எழுதினேன். 'நாங்க எங்கயும் ஓடிப் போகலை. தகரத்துக்குப் பின்னாடிதான் இருக்கோம். உயிரோடதான் இருக்கோம்.' தகரத்தைத் தொடக் கூடாது என்று மெட்ரோக்காரர்கள் சொல்லிவிட்டதால், கடைப் பக்கம் மூங்கில் நட்டு, தகரத்துக்கு மேலே தலை நீட்டுகிற மாதிரி பேனரைக் கட்டினோம். மறுநாளே அதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் சுற்றவிட்டார்கள். எங்கள் குடியிருப்புக் குழுவிலேயே வந்தது. கீழே எல்லோரும் சிரிக்கிற பொம்மையாகப் போட்டிருந்தார்கள். நான் எழுதியது என்று சொல்ல விரல் துடித்தது. சொல்லவில்லை. அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார்.

"சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்கோ. நின்னு செல்ஃபி எட்துக்குறாங்கோ. ஆனா ஒருத்தரும் உள்ள வர்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சிரிக்க வைத்தது நான், உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதும் நானா என்று கேட்டே விட்டேன். அவர் பாவம், "இல்ல சிஸ்டர், சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த பேனரில் அது என்ன கடை என்றே நான் எழுதவில்லை. ஜோக்கின் அழகு கெட்டுவிடும் என்று கண்ணாடி என்ற சொல்லையே விட்டிருந்தேன். ஜோக் கடையைச் சாப்பிட்டுவிட்டது. விளம்பரம் எழுதுகிறவர்களில் நகைச்சுவையும் எழுதுகிறவர்களுக்கே வருகிற வியாதி இது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வந்த வேலையை மறந்துவிடுவோம்.

அடுத்த நாள் வேண்டுமென்றே பூந்தமல்லிக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் திரும்பினேன். என் பேனரை வழிப்போக்கராகப் பார்க்க நினைத்தேன். குமணன்சாவடி சிக்னலில் நிற்கிற வண்டிகளின் வால் கரையான்சாவடி வரை நீண்டிருந்தது. பஸ் நடக்கிறவர்களைவிட மெதுவாகப் போனது. தகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதற்குள் முன் சீட்டில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரின் மருமகளைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டார். பின் சீட்டில் ஒருவர் தும்மினார். உடனே மூன்று பேர் கஷாயம் சொல்லிக் கொடுத்தார்கள். வேண்டுமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை.

அப்போதுதான் அது என் மண்டையில் தட்டியது. நான் ஒரு பேனருக்கு எழுதியது தப்பு. இந்தத் தகரத்தின் நீளத்துக்கு எழுத வேண்டும். இந்த பஸ்ஸின் வேகத்துக்கு எழுத வேண்டும்.

ஆறு பலகைகள். தகரம் நெடுக, கடைக்கு ஒன்றாக. முதல் பலகையில் எழுத்து பிரமாண்டமாக இருக்கும். ஒவ்வொரு பலகைக்கும் எழுத்து சிறிதாகிக்கொண்டே போகும், கண் சோதிக்கிற அட்டையில் இருப்பதுபோல.

முதல் பலகை: 'பஸ் நகராது. இதையாவது படிங்க.'

இரண்டாவது: 'தெரியுதா? ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். இன்னும் இருக்கு.'

மூன்றாவது: 'கண்ணைச் சுருக்காமல் படிக்கவும். சுருக்கினால் செல்லாது.'

நான்காவது: 'பக்கத்து சீட்டுக்காரர் படிக்கிறாரா, பாருங்க.'

ஐந்தாவது: 'இதுவரை படித்தவர்கள் நேரே வீட்டுக்குப் போகலாம்.'

ஆறாவது, இருப்பதிலேயே பொடி எழுத்தில்: 'படிக்க முடியாதவரை இங்கேயே இறக்கிவிடுங்க. மருந்துக்கடைச் சந்தில் நுழைந்தால் கண்ணாடிக் கடை. வழி நீங்கதான் சொல்லணும், அவருக்கு இது தெரியாது.'

கடைக்காரர் தாளை வாங்கி ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இன்னா சிஸ்டர் இது? கண்ணு தெரியாதவனுக்குத்தான் கட. அட்ரஸ கண்ணு தெரிஞ்சவனுக்கு மட்டும் எழுதி வச்சா, வர வேண்டியவன் எப்டி வருவான்?"

"பக்கத்து சீட்டுல இருக்கவங்க அனுப்பி வைப்பாங்கண்ணே. நம்ம ஊரு பஸ்ல அடுத்தவங்களுக்குப் புத்தி சொல்லாம யாராவது இறங்கிப் பாத்திருக்கீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். "அவங்க சொல்றது கரீட்டுதாங்க. போன மாசம் பல்லு வலின்னு கன்னத்துல கை வச்சிகினு பஸ்ல வந்தேன். எறங்கறதுக்குள்ள எந்த டாக்டராண்ட போவணும், இன்னா சாப்டக் கூடாது, எல்லாம் சொல்லிட்டாங்கோ. போட்டுப் பாக்கலாம்" என்றார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் மூங்கில் நட இடம் கொடுத்தார்கள். தன் கடையை அடையாளம் வைத்து ஜனங்கள் வரப்போவதில் மருந்துக்கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். சண்டை போட்டது பேனர் அடிக்கிற தம்பியிடம்தான். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் ஒரு சூரிய உதயம், இரண்டு ரோஜாப்பூ, ஒரு பெண்ணின் நீலக் கண் எல்லாம் தயாராக வைத்திருந்தார்.

"வெறும் வெள்ளயா? கண்ணீர் அஞ்சலி போஸ்டரே கலர்ல போட்டுகினு கீறோம் மேடம்!" என்று மனம் நொந்துபோனார். நான் அசையவில்லை. அவர் கடைத் தரையில் பலகைகளை வரிசையாகப் பரப்பி வைக்க, நான் குனிந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

திங்கட்கிழமை கட்டினார்கள். அன்று நான் போகவில்லை. போக பயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை கடைக்காரரிடமிருந்து போன் வரவில்லை. புதன்கிழமை நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அந்த அம்மாவின் எண்ணும் அடித்து ஓய்ந்தது.  கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் கடைகளில் தொங்க ஆரம்பித்திருந்த நேரம். ஒரு குடும்பத்தின் கடைசிக் கைப்பணத்தை ஆறு பலகையில் போட வைத்துவிட்டோமே, இது தண்ணீர்த் தொட்டி இல்லையே என்று நினைத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். பஸ் நம்பரை ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னல் சீட் கிடைத்தது. பக்கத்தில் மடியில் கீரைக்கட்டுப் பையுடன் ஒரு அம்மா. கரையான்சாவடி நெருங்கியதும் பஸ் வழக்கம்போல் ஊர்ந்தது. முதல் பலகை வந்தது.

"பஸ் நகராது, இதையாவது படிங்க" என்று பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பையன் உரக்கப் படித்தான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு முதுகெல்லாம் கூசியது. என் வரியை இன்னொருவர் வாயால், அதுவும் முகத்துக்கு நேரே சிரிப்போடு, நான் கேட்டதே இல்லை. இரண்டாவது பலகைக்கு வலது பக்க சீட்டுக்காரர்களும் எழுந்து குனிந்தார்கள். மூன்றாவது பலகையில், "மாமே, நீ சுருக்கற, செல்லாது!" என்று பின்னால் ஒரே ரகளை.

நான்காவது பலகை கொஞ்சம் கலங்கலாக வந்தது. ஜன்னல் கண்ணாடியில் தூசி என்று நினைத்து அதைத் தள்ளித் திறந்தேன். வெளியேயும் தூசிதான் போலிருக்கிறது. பஸ் மறுபடி நகர்ந்து நின்றது.

"இது தெரியுதா உங்களுக்கு?" என்று கீரைக்கட்டு அம்மா என்னைக் கேட்டார்.

"நல்லா தெரியுதே" என்று, அதுதான் கடைசிப் பலகை என்ற நினைப்பில் நான் மளமளவென்று படித்தேன். "படிக்க முடியாதவரை இங்கேயே இறக்கிவிடுங்க. மருந்துக்கடைச் சந்தில்..."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா, அதுல அப்டி எழுதல. 'இதுவரை படித்தவர்கள் நேரே வீட்டுக்குப் போகலாம்'னு எழுதிகீது. நீ சொல்றது இன்னும் வர்வே இல்ல!"

பஸ் இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது. ஆறாவது பலகை வந்தது. வெள்ளையாக ஒரு பலகை தெரிந்தது. அதில் ஏதோ எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. பின்னாலிருந்த பையன் அதைப் படிக்கப் படிக்க, நான் சொன்ன அதே வாசகம் வந்தது. கீரைக்கட்டு அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வர்றதுக்கு முன்னாடியே சொல்ற, வந்ததும் தெர்ல. எப்டிமா?"

வேறு வழியில்லை. "நான்தாங்கக்கா இத எழுதினேன்" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் உரிமை கோரிய முதல் வாசகம் அதுதான்.

"எழுதனவளுக்கே தெர்லியா? அப்போ நீ கண்டிப்பா எறங்கணும். எறங்கு, எறங்கு" என்று அவர் என் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார். "கண்டக்டரு, இங்க ஒரு ஆளு!"

கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விசிலை வாயில் வைத்தார். "கண்ணாடி பார்ட்டியா? எறங்குமா, எறங்கு. காத்தாலருந்து ட்ரிப்புக்கு ரெண்டு பேரு எறங்கிகினே கீறாங்கோ. ஸ்டாப்பிங்கே வச்சிடலாம் போல."

எனக்கு அங்கேயே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போலிருந்தது. கீரைக்கட்டு அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மருந்துக்கட சந்துமா, மறந்துடாத!" என்று கத்தினார்.

சந்துக்குள் நுழையவே முடியவில்லை. ஆள் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு, "வரிசைல வாங்கப்பா" என்று நெறிப்படுத்திக்கொண்டிருந்தார். "எம்பொண்டாட்டி எறக்கி உட்டுட்டா" என்று ஒருவர் சொல்ல, "என்னிய யாருன்னே தெரியாத ஒரு ஆளு எறக்கி உட்டாரு" என்றார் இன்னொருவர். நானும் வரிசையில் நின்றேன். என் வரியைப் படிக்க முடியாமல் வந்த ஜனங்களுக்குப் பின்னால், என் வரியை நானே படிக்க முடியாமல் வந்தவளாக நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வரிசையிலும் நின்றதில்லை.

என் முறை வந்தபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"சிஸ்டர்! போன் பண்ணீங்களா? எங்க எடுக்கறது, நீங்களே பாருங்க." குரல் உடைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாவியக் குடுக்கப் போறதில்ல சிஸ்டர். பில்டிங்காரராண்ட சொல்லிட்டேன்" என்றார். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மாதான் இரண்டு பேரையும் காப்பாற்றினார். "அழறதெல்லாம் அப்பால. அவங்களுக்குப் பின்னாடி இன்னும் எத்தினி பேரு நிக்கறாங்கோ" என்று என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "நீங்க இன்னாத்துக்கு வந்தீங்கோ?"

"பஸ்ல இறக்கி விட்டுட்டாங்கக்கா" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் காலண்டர் ஆடியது. கடைக்காரர் லென்ஸ் மாற்றிப் போடுகிற அந்தக் கனமான இரும்பு ஃபிரேமை என் மூக்கில் மாட்டினார். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் என் வம்சப் பெருமை முடிந்துபோனது. அவர் ஒரு லென்ஸைப் போட்டார். அட்டையின் அடி வரி வரைக்கும் துடைத்து வைத்ததுபோல் வந்து நின்றது.

அப்போதுதான் அவருக்கு என்ன தோன்றியதோ, வாசல் பக்கம் திரும்பி, "பிரதர், சிஸ்டர், எல்லாரும் கேளுங்கோ. அந்த ஆறு போர்டும் எழுதனது இவங்கதான்" என்று சத்தமாகச் சொன்னார்.

சந்தில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்க்க எட்டினார்கள். பிறகு யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். வரிசை முழுக்கத் தட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் நின்ற மருந்துக்கடைக்காரர் வரை ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு பல்லாகத் தெரிந்தது. இத்தனை வருடம் எழுதியதற்கு நான் நேரில் வாங்கிய முதல் கைதட்டல் அது. ஒரு கையால் இடது கண்ணை மூடியிருந்ததால், மற்ற கையால் மட்டும்தான் வணக்கம் வைக்க முடிந்தது.